பிரமாதம்

எங்கள் ஆபீஸில் புதிதாகச் செய்த திரையை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டும் நாளில், பிடித்திருந்தால் மேனேஜர் ஒரே ஒரு சொல்தான் சொல்வார். "பிரமாதம்." இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தரமணியில் ஏசி அளவுக்கு மீறிக் குளிரும் ஒரு மீட்டிங் ரூமில், அந்தச் சொல்லை நான் வாங்கினேன். அன்று சாயங்காலம் அடையாறு வரைக்கும் நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம்.

நான் யூஎக்ஸ் டிசைனர். ஒரு செயலியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதற்குப் பிறகு எது வர வேண்டும், தப்பாகப் போனால் என்ன வாசகம் காட்ட வேண்டும் என்று யோசிப்பது என் வேலை. அந்த வெள்ளிக்கிழமை காட்டியது ஒரு நிதி நிறுவனத்துக்காகச் செய்த அடையாளச் சரிபார்ப்புத் திரை. வங்கிக்கு நேரில் போகாமல் வீடியோ வழியாகவே வாடிக்கையாளரை அடையாளம் காண 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அதற்கப்புறம் கொரோனாவும் வந்தது. கேமரா முன்னால் முகத்தைக் காட்டிக் கணக்கு தொடங்குவது சாதாரணமாகிவிட்டது. ஆனால் யாரோ ஒருவருடைய போட்டோவைக் கேமரா முன் நீட்டி ஏமாற்றிவிடலாம் இல்லையா? அதனால் எதிரில் இருப்பது உயிருள்ள முகம்தானா என்று பார்க்க வேண்டும். உயிருள்ள முகம் கண் சிமிட்டும், போட்டோ சிமிட்டாது. எங்கள் திரையும் அதைத்தான் கேட்டது. நீள்வட்டத்துக்குள் முகம், கீழே "கண்களைச் சிமிட்டவும்" என்று ஒரு வரி. சிமிட்டினால் வட்டம் பச்சையாகும், முடிந்தது. பதினோரு விநாடி.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய வீட்டின் மாடி. கதவு திறந்தே இருந்தது, ஆளைக் காணோம். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், உச்சி வெயிலில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி நிற்கிறாள்.

"என்ன பெரியம்மா, வெயில்ல?"

"வெளிச்சம் பத்தலயாம்டா. ஹால்ல பண்ணேன், பால்கனில பண்ணேன். இங்க வந்தும் பத்தலங்குது. இன்னும் எங்க போறது, சூரியனுக்கா?"

போனை வாங்கிப் பார்த்தேன். வட்டம் எனக்குத் தெரிந்த வட்டம். அதன் தடிமன் நான்கு பிக்சலா ஆறு பிக்சலா என்று நான் ஒரு முழு மதியம் சண்டை போட்டிருக்கிறேன். கீழே சிவப்பில் ஒரு வாசகம்: "சரிபார்க்க முடியவில்லை. நல்ல வெளிச்சத்தில் மீண்டும் முயலவும்." அதுவும் நான் எழுதியதுதான். மூன்று முறைக்கு மேல் தவறினால் 24 மணி நேரம் பூட்டிக்கொள்ளும். அது அவளுக்கு மூன்றாவது நாள்.

பெரியம்மாவுக்கு நாலு வருடம் முன்னால் முகவாதம் வந்தது. வாய்க் கோணல் சரியாகிவிட்டது. வலது கண் இமை மட்டும் முழுசாக மூடாது. ராத்திரி சொட்டு மருந்து விட்டு, இமையை இழுத்து ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுப்பாள். நான் எத்தனையோ முறை ஒட்டிவிட்டிருக்கிறேன். அவளால் இரண்டு கண்ணையும் சிமிட்ட முடியாது என்பது உலகத்தில் நாலைந்து பேருக்குத் தெரியும் என்றால் அதில் நான் ஒருவன். அந்தத் திரையை வரைந்த மூன்று வாரத்தில் ஒரு நொடிகூட அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

சிமிட்ட முடியாததைவிட அந்த வாசகம்தான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அது பொய். வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. முகத்தைச் சரிபார்க்கும் நிரலை நாங்கள் எழுதவில்லை, வேறொரு கம்பெனியிடம் வாங்கினோம். வட்டத்துக்குள் முகம் இல்லை, கை ஆடுகிறது, இருட்டு, கண் சிமிட்டவில்லை – எதுவானாலும் அது ஒரே ஒரு பிழை எண்ணைத்தான் திருப்பி அனுப்பும். "இதுக்கு என்ன மெசேஜ் போடறது?" என்று டெவலப்பரிடம் கேட்டேன். "பெரும்பாலும் லைட்டிங்தான் மச்சி பிரச்சினையா இருக்கும்" என்றான். லைட்டிங் என்று எழுதினேன். எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நம்பி ஓர் அறுபத்தெட்டு வயது மனுஷி மூன்று நாள் வெளிச்சம் தேடி வீடெல்லாம் அலைந்திருக்கிறாள். கடைசியில் "எனக்குத்தான் இதெல்லாம் வரலடா" என்றாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்.

அது நான் செய்தது என்று அன்றைக்கு நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஆபீஸில் சொன்னேன். டெவலப்பர் நல்லவன், நிஜமாகவே வருத்தப்பட்டான். ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, "யாரும் வேணும்னே பண்ணலையே மச்சி" என்றான். உண்மைதான். நாங்கள் ஒன்பது பேர் சோதித்துப் பார்த்தோம். ஒன்பது பேர், பதினெட்டு கண்கள், எல்லாமே சிமிட்டின. எங்களில் மூத்தவருக்கு முப்பத்தேழு வயது. வாங்கிய நிரலில் சிமிட்டல்தான் இருந்தது, அதனால் சிமிட்டல். சட்டதிட்டம் பார்க்கும் டீம் உயிருள்ள முகம் என்று உறுதியாக வேண்டும் என்றது, எப்படி என்று சொல்லவில்லை. நான் வட்டம் வரைந்தேன். கண் சிமிட்ட முடியாதவர்களுக்குக் கணக்கு கிடையாது என்று எங்களில் ஒருவர்கூட முடிவு செய்யவில்லை. ஆனால் முடிவு என்னவோ ஆகிவிட்டது, அமலிலும் இருந்தது.

ஒரு அமைப்பு உருவாக்கும் மென்பொருள் அந்த அமைப்பில் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதன் நகலாகவே இருக்கும் என்று மெல்வின் கான்வே 1968லேயே எழுதினார். எங்கள் திரையில் எங்கே ஓட்டை விழுந்தது என்று பார்த்தால், சரியாக இரண்டு டீம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இடத்தில். பெரியம்மா அந்த இடைவெளியில் விழுந்தாள்.

இந்த மாதிரி ஆட்களுக்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது: எட்ஜ் கேஸ். "அது எட்ஜ் கேஸ், அடுத்த ஸ்பிரிண்ட்ல பாத்துக்கலாம்" என்று நானே நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒருநாள் இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். எட்ஜ் என்றால் விளிம்பு. விளிம்பு நிலை. ராத்திரி விளிம்புநிலை மக்களைப் பற்றிய நாவலுக்கு நட்சத்திரம் போட்டுவிட்டு, காலையில் ஆபீஸில் விளிம்பு நிலையை அடுத்த பதினைந்து நாளைக்குத் தள்ளிவைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. பிரக்யா பிரசூன் என்பவர் அமில வீச்சில் பிழைத்தவர். 2023ல் ஒரு வங்கியில் கணக்கு தொடங்கப் போனார். கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னார்கள். அமிலம் சிதைத்த கண்களால் அது முடியவில்லை. அவர் போட்ட வழக்கையும் பார்வையற்ற ஒருவர் போட்ட வழக்கையும் சேர்த்து விசாரித்த நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. 20 உத்தரவுகள். சிமிட்டலைத் தவிர வேறு வழிகளிலும் உயிருள்ள முகத்தைச் சரிபார்க்க வேண்டும், காகித முறை தொடர வேண்டும், செயலிகளைச் சோதிக்கும் கட்டத்திலேயே பார்வையற்றவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஆபீஸ் குரூப்பில் யாரோ இந்தச் செய்தியைப் போட்டார்கள். நான்கு பேர் கட்டைவிரல் போட்டார்கள். எனக்கு மொட்டை மாடி வெயில் ஞாபகம் வந்தது.

தீர்ப்பு செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டது. எனக்கு வேறொரு கேள்வி மிச்சம் இருந்தது. நான் தப்பு செய்தேனா, அல்லது என் வழியாக ஒரு தப்பு நடந்துவிட்டதா? இரண்டும் ஒன்றில்லை. வேண்டுமென்றே செய்யாததற்கு மனசாட்சி எவ்வளவு வட்டி கட்ட வேண்டும்?

எங்கள் தொழிலில் இப்போது 'இன்டென்ஷனல் டிசைன்' என்று ஒரு சொல் புழங்குகிறது. டீமுக்கு ஒருநாள் பயிற்சிகூட வைத்தார்கள், சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டினோம். ஒவ்வொன்றையும் எண்ணித் துணிந்து செய்ய வேண்டும் என்பது சாரம். ஆங்கிலத்தில் அது நற்குணம். தமிழில் சொல்லிப் பாருங்கள்: "வேணும்னே பண்ணது." உடனே குற்றச்சாட்டாகிவிடுகிறது. "அவன் வேணும்னே பண்ணான் டீச்சர்" என்றுதான் நமக்கு அந்தச் சொல் பழக்கம்.

தமிழ் இதில் அவ்வளவு தப்பில்லை என்றே நினைக்கிறேன். வேண்டுமென்றே செய்த டிசைன்கள் ஏராளம். இன்னும் இரண்டு அறைதான் பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது. சேருவதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஏழு பக்கம். காப்பீடு வேண்டாம் என்றால் 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று ஒப்புக்கொள்ள வைப்பது. ஹாரி பிரிக்னல் 2010ல் இதற்கெல்லாம் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். 2023 நவம்பர் 30 அன்று இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. இவை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் எண்ணித் துணிந்த ஒருவர் இருந்திருக்கிறார். எண்ணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும். நல்ல எண்ணமும் காப்பாற்றாது. கீழே இழுக்க இழுக்க முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006ல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், அடுத்த பக்கத்துக்கான சொடுக்கை மிச்சப்படுத்தத்தான் நினைத்தார். பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார்.

ஆனால் ஏமாற்றியவனைக் கண்டிப்பது சுலபம், சட்டத்துக்கே சுலபம். கெட்ட எண்ணமும் இல்லை, நல்ல எண்ணமும் இல்லை, வெறும் மறதி என்றால்?

வினைக்கு வேர் எண்ணமா செயலா என்பது இந்த மண்ணில் பழைய சண்டை. பௌத்தர்கள் எண்ணமே வினை என்றார்கள். சமணர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தனக்கென்று கொல்லாத புலாலை உண்டால் குற்றமில்லை என்ற பௌத்த வாதத்தை நீலகேசி விரட்டி விரட்டி அடிக்கும். மயிலாப்பூரோடு சமணத்துக்கும் ஓர் உறவு உண்டு. இங்கே நேமிநாதருக்குக் கோயில் இருந்தது என்பது மரபு, நன்னூலுக்கு உரை எழுதியவர் பெயரே மயிலைநாதர். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்வேன். சும்மா ஒரு ஆறுதலுக்கு.

முதலில் நான் இதைச் சௌகரியமாகப் பிரித்துக்கொண்டேன். டெவலப்பர் பௌத்தன், அவனுக்கு எண்ணம் இல்லை, எனவே வினை இல்லை. பெரியம்மாவின் வெயில் சமணம். பிறகு உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை வரையறுக்கும் இடத்துக்கு வந்தேன். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று அது கேட்கவில்லை. உயிருக்குக் கேடு நேர்ந்ததை மட்டும் வைத்தும் தீர்ப்புச் சொல்லவில்லை. கேடு எந்த நிலையிலிருந்து வந்தது என்று பார்க்கிறது. அந்த நிலைக்கு அது தரும் பெயர் பிரமாதம்.

ஆமாம், அதே சொல்தான். வடமொழியில் பிரமாதம் என்றால் அசட்டை, கவனப்பிசகு. தமிழுக்கு வந்தபோதும் முதலில் அதுதான் பொருள். தவறு, அஜாக்கிரதை, அபாயம் என்று நகர்ந்து, அளவுக்கு மிஞ்சியது என்றாகி, இப்போது 'சூப்பர்' என்பதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மேனேஜர் அன்றைக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், பாவம், அவருக்கே தெரியாமல். சமணர் சொல்லும் பிரமாதம் வெறும் தூக்கக் கலக்கமும் அல்ல, ஆசையாலும் அகந்தையாலும் மங்கிய கவனம். வெள்ளிக்கிழமைக்குள் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. நான்கு பிக்சலா ஆறு பிக்சலா என்ற அகந்தை. அன்று என் கவனம் எங்கேயும் போய்விடவில்லை. வட்டத்தின் மேலேயே இருந்தது.

இன்னும் நேராகச் சொன்னவர் குந்தகுந்தர். வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையோடு மரபு இணைத்துப் பேசும் அதே ஆசாரியர். பிரவசனசாரத்தில் அவர் வைக்கும் வாதம் இது: அசட்டையாக நடப்பவனிடம், காலடியில் உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும், ஹிம்சை நிச்சயம் இருக்கிறது. பார்த்துப் பார்த்து நடப்பவன் காலடியில் ஒன்று செத்துப்போனாலும் அதனால் மட்டும் அவனுக்குப் பாவக் கட்டு இல்லை.

இதன்படி எங்கள் தப்பு பெரியம்மா அந்தச் செயலியைத் திறந்த நாளில் நடக்கவில்லை. அவள் திறக்காமலே இருந்திருந்தாலும் அது நடந்துவிட்டது. பதினெட்டு கண்களும் சிமிட்டி முடித்து, ஒருத்தரும் 'யாரால் சிமிட்ட முடியாது?' என்று கேட்காமல் மடிக்கணினியை மூடிய நொடியில் நடந்துவிட்டது. பௌத்தத்தை வைத்துத் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. புத்தரின் கடைசிப் போதனையாக நிகாயங்கள் சொல்வது இதே சொல்லின் எதிர்ச்சொல்லை, அப்பமாதம், கவனப்பிசகாமையை. டெவலப்பரைப் பௌத்தன் என்றது அவசரப்பட்டுச் சொன்னது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதி நாள் அதை நானே வைக்கிறேன். எல்லோரையும் யோசித்துக்கொண்டிருந்தால் எதையும் வெளியிட முடியாது. அந்தக் கேமராவால் பலன் இல்லையா என்ன? 2021 முதல் மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை முகத்தைக் காட்டியே நிரூபிக்கலாம். முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்து நவம்பர் மாத வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மோசடியையும் தடுக்க வேண்டாமா? வேண்டும்தான். இதே வாதத்தைத்தான் தி.நகர் நடைபாதையில் குத்துக்கற்கள் சொல்கின்றன. பைக் ஏறக் கூடாது என்று நட்டு வைக்கிறார்கள். நியாயமான காரணம். இடைவெளியை எவ்வளவு விடுவது என்று யாரும் சக்கர நாற்காலியை வைத்து அளக்காவிட்டால், பைக்கோடு சேர்த்து அதையும் அந்தக் கல் நிறுத்திவிடும். பைக்காரன் எப்படியாவது வேறு வழி கண்டுபிடித்துவிடுவான் என்பது வேறு விஷயம்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் ஒரு மரப்பாதை போகிறது. மாற்றுத்திறனாளிகள் பல வருடம் கேட்டு, வருடத்தில் சில நாள் மட்டும் தற்காலிகமாகப் போட்டு எடுத்து, கடைசியில் 2022 நவம்பர் இறுதியில் நிரந்தரமாகத் திறந்தார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. திருப்பிக் கட்டினார்கள். சாயங்காலம் போனால் தள்ளுவண்டிக் குழந்தை, கைத்தடிப் பாட்டி, போட்டோ எடுக்க வந்த காதலர்கள் என்று எல்லோரும் அதில்தான் நடக்கிறார்கள். சக்கர நாற்காலிக்கு வழி விடச் சொல்லி யாராவது குரல் கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு இதில் பிடித்தது திறப்பு விழா இல்லை, புயலுக்கு அப்புறம் திருப்பிக் கட்டியது.

இப்போது எங்கள் டீமில் ஒவ்வொரு திரைக்கும் ஒரு வரி கூடுதலாக எழுதுகிறோம்: 'இது யாருக்கு முடியாது என்று சொல்கிறது?' அதன் பக்கத்தில் எங்களில் ஒருவர் பெயர் இருக்க வேண்டும், டீம் பெயர் கூடாது. ஒரு மாதம் இதற்காகச் சண்டை போட்டேன். மேனேஜர், "இதெல்லாம் பழி போடற கல்ச்சர்ப்பா" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெயர் எழுதச் சொன்னதும் சிலர் பாதுகாப்பாக 'யாருமில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அது பழைய மறதியைவிட மோசம் என்று சில நாள் தோன்றுகிறது. இருந்தாலும் போன மாதம் டெவலப்பர் அவனாகவே வந்து, "மச்சி, கை நடுங்கறவங்க இந்த ஸ்லைடரை எப்படி இழுப்பாங்க?" என்று கேட்டான். ஸ்லைடரைத் தூக்கிவிட்டு இரண்டு பொத்தான் வைத்தோம். வெளியீடு நான்கு நாள் தள்ளிப்போனது. வாங்கியவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள்.

அந்தப் பிழை வாசகத்தையும் மாற்றினோம். சரிபார்க்க முடியாவிட்டால் முடியவில்லை என்று மட்டும் சொல்கிறது, வெளிச்சத்தின் மேல் பழி போடுவதில்லை. அதற்குக் கீழேயே 'வேறு வழியில் செய்கிறேன்' என்று ஒரு பொத்தான். சிமிட்டலுக்கு மாற்றாகத் தலையைத் திருப்பிக் காட்டுவதையும் சேர்த்தோம். வெளியிடுவதற்கு முன்னால் சோதனைப் பதிப்பை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனேன். எல்லாவற்றையும் பெரியம்மாவிடம் சொன்னேன். வட்டம், வாசகம், ஒன்பது பேர், எல்லாம். அவள் பணம் என்னவோ அதற்குள் கிளைக்கே நேரில் போய்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டியாகிவிட்டது. கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நீதானா அது?" என்றாள். "தமிழ் நல்லாதான் எழுதியிருந்த. அதான் நம்பிட்டேன்."

என்ன சொல்வதென்று தெரியாமல் போனை நீட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவந்தாள். தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பச் சொன்னது. திருப்பினாள். பச்சை வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னது.

"இதுக்கு மேல திரும்பாதுடா" என்றாள். "கழுத்துல தேய்மானம்னு போன வருஷம் டாக்டர் சொன்னாரே, மறந்துட்டியா?"

பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.